லா சப்பலில் ஒரு சட்டியும் இரண்டு முதுகுகளும்

பாரிஸுக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈபிள் கோபுரத்துப் படங்களைத் தேடி வந்தவர்கள் ஏமாற வேண்டாம். நவம்பர் முதல் வாரத்தில் நகருக்கு வடக்கே நடந்த ஒரு வணிகக் கண்காட்சிக்கு என் அலுவலகம் என்னை அனுப்பியது. மூன்று நாள் வேலை, அதற்குப் பிறகு மூன்று நாள் விடுப்பு. அந்த விடுப்பைக் கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் மயிலாடுதுறைக்காரி. பத்தொன்பது வருடமாக ஹாங்காங்கில் இருக்கிறேன். கைக்கடிகார வார் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. முதலாளி, அவருடைய மைத்துனர், நான், மூன்றே பேர். பில் போடுவது நான், பார்சலுக்கு ஆள் பிடிப்பது நான், சுங்க அலுவலகத்தில் திட்டு வாங்குவதும் நான். அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் இந்த மாதிரிப் பிழைப்புக்கு 'யாத் கெக் தெக்' என்பார்கள். ஒரே காலால் உதைப்பது என்று அர்த்தம். முன்பு பணக்கார வீடுகளில் சமையலுக்கு ஒருத்தி, துணிக்கு ஒருத்தி, பிள்ளைக்கு ஒருத்தி என்று ஆள் வைப்பார்களாம். எல்லாவற்றையும் ஒருத்தியே செய்தால் அவளுக்கு இந்தப் பெயர். வேலையைப் பற்றி அந்த மொழியில் இப்படி ஏகப்பட்ட சொற்கள் உண்டு. ஆனால் அவற்றின் முழு அர்த்தத்தை நான் ஹாங்காங்கில் படிக்கவில்லை. பாரிஸில், ஒரு யாழ்ப்பாணத்துக் கடையின் சமையலறையில்தான் படித்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். பி ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், கார் து நோர் நிலையத்தில் இறங்கிவிடலாம். நான் போனபோது டிக்கெட் பதினொன்று யூரோ எண்பது. இப்போது ஏறிவிட்டது. அங்கிருந்து லா சப்பலுக்கு நடை தூரம்தான், பெட்டி கனமாக இருந்தாலும் டாக்சிக்குப் போகாதீர்கள். கண்காட்சிக்குப் பக்கத்து ஓட்டல்கள் யானை விலை சொன்னதால் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு வாடகை அறை எடுத்திருந்தேன், இரவுக்கு எழுபது யூரோ. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அறையிலிருந்து லா சப்பல் கடைவீதிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

அந்த வீதியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. மெத்ரோ ரயில் தலைக்கு மேலே பாலத்தில் ஓடும். கீழே நகைக்கடை, சேலைக்கடை, முருங்கைக்காய்க் கட்டு, போன் கடை. காதில் விழுவது பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ். 'ஆமாம்' என்று நான் சொன்னால் திரும்பிப் பார்க்கிறார்கள், அங்கே 'ஓம்'தான். மூன்று நாள் கண்காட்சியில் ரொட்டியைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்துப்போயிருந்த எனக்கு, சோற்று வாசனை வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. சோற்றுக்கு அழுதவள் என்று சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

நான் நுழைந்த கடையின் கண்ணாடியில் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது: 'கந்தசஷ்டி முடியும் வரை சைவம் மட்டும்.' அன்று சஷ்டி விரதத்தின் நான்காம் நாள். அந்த ஆறு நாளும் மீனையும் இறைச்சியையும் கடையை விட்டே வெளியேற்றி, பாத்திரங்களையும் மாற்றிவிடுவார்களாம். ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் பிடிப்பவர்கள் அந்த ஒரு நேரத்துக்கு இந்தக் கடையை நம்பித்தான் வருவார்கள். நெற்றியில் திருநீற்றோடு வேலை உடையில் வந்து, சாப்பிட்டுவிட்டு அவசரமாக ஓடுகிறார்கள். முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். கறாரான மனிதர். அந்த வாரம் அடுப்பில் கை வைப்பது தலைமைச் சமையற்காரி வசந்தி ஒருத்திதான், மற்றவர்கள் காய் வெட்டலாம், பாத்திரம் கழுவலாம், அதற்கு மேல் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, கத்தி மழுங்கிப்போனதற்காக யாரையோ வைது தீர்த்தது. சுத்தமான கான்டனீஸ்! இருந்த இடத்திலிருந்தே அதே மொழியில், "வாயை விட்டால் கத்தி கூர்மையாகிவிடுமா?" என்று குரல் கொடுத்தேன். உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. சாப்பாடு கொடுக்கும் ஜன்னலில் ஒரு சீனத்து முகம் எட்டிப் பார்த்தது. சேலை கட்டிய ஒருத்தி தன் மொழியைப் பேசுகிறாள் என்பதை நம்பவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவர் பெயர் யின். தென்சீனத்தில் ஃபோஷான் ஊர்க்காரர். கணவரை நம்பி பாரிஸுக்கு வந்தார், கணவர் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டார். பகலில் இந்தக் கடை, மாலையில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. வசந்தி பருத்தித்துறைப் பக்கம், நாற்பது வயதைத் தாண்டியவர். விடியுமுன் எழுந்து ஏதோ ஒரு ஆபீஸைக் கூட்டித் துடைத்துவிட்டு இங்கே வருவார். இங்கே முடித்து ஆர்.ஈ.ஆர். டி பிடித்து, அதற்கு மேல் பஸ்ஸும் ஏறி வில்லியே லே பெல்லில் வீட்டுக்குப் போனால் அங்கே மூன்றாவது வேலை, வீட்டு வேலை. கணவருக்கு இரவு வேலை. பள்ளியில் படிக்கும் மகன், தாய் தமிழில் ஒன்று கேட்டால் பிரெஞ்சில் இரண்டு சொல்வானாம்.

மதியக் கூட்டம் கலைந்த பிறகு இருவரும் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே பேச்சு. ஏழு வருடமாக ஒரே அடுப்படி, ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கொஞ்சம் தமிழ், கொஞ்சம் பிரெஞ்சு, மிச்சத்துக்கு யின் கொண்டுவந்த வேலைச் சொற்கள். அவற்றை வசந்தி யாழ்ப்பாண ராகத்தில் சொல்வதைக் கேட்க வேண்டுமே! வேலை போனால் 'சாவ் யாவ் யூ', அதாவது கணவாய் மீனை வறுப்பது. வறுத்த கணவாய் சுருள்கிற மாதிரி பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். ஒருவர் இல்லாதபோது அவர் இடத்தில் நின்று சமாளித்தால் 'டிங் டோங்'. நமக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்கும், ஆனால் அர்த்தம் கடையைத் தாங்கிப் பிடிப்பது. பழியை ஏற்றுக்கொள்வதற்கு 'மே வோக்', சமையற்சட்டியை முதுகில் சுமப்பது. நாம் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறோம், அவர்கள் முதுகில் போட்டுக்கொள்கிறார்கள். சோறு அடிப்பிடித்தாலும் கறியில் உப்புக் கூடினாலும் இந்த இரண்டு பேரும் தங்கள் முதுகில் தட்டிக் காட்டி, எதிரே நிற்பவரைக் கையால் சுட்டுவார்களாம். சட்டி உன் முதுகில் என்று பொருள். அண்ணைக்கே அந்தச் சைகை பழக்கமாகிவிட்டது என்று வசந்தி சொன்னார்.

வசந்தியும் சஷ்டி பிடித்துக்கொண்டிருந்தார். மகன் படிப்பில் சறுக்கத் தொடங்கியதிலிருந்து அவனுக்காகப் பிடிக்கிறாராம். இரண்டு வேலைக்கும் நடுவில் மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு. ஆறாம் நாள் அதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும். அவர் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்ததை யின் எனக்குக் காட்டி, இவள் ஒரு நாள் இந்த அடுப்படியிலேயே விழப்போகிறாள் என்று அவருடைய மொழியில் முணுமுணுத்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மறுபடியும் போனேன். கடை நிறைந்திருந்தது. அன்று மரக்கறி நூடுல்ஸ் விசேஷம் என்றார்கள். தட்டு மேசைக்கு வந்ததும் குனிந்து முகர்ந்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். ஹாங்காங்கில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் தினமும் கீரை மேல் ஊற்றித் தருகிற சாஸ் அது. கடல் சிப்பியைக் காய்ச்சி எடுப்பது. சாஸ் பாட்டில் பழைய அலமாரியிலேயே தங்கிப்போயிருக்கிறது. அதன் மேல் இருப்பது முழுக்கச் சீன எழுத்து, மீனையும் இறைச்சியையும் வெளியேற்றியவர்களுக்கு அது ஏதோ சோயா என்றுதான் தோன்றியிருக்கும்.

சுற்றிலும் திருநீற்று நெற்றிகள். என் பக்கத்து மேசைப் பெண் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார். ஒரு கணம் யினின் முகம் மனதில் வந்து போனது. அடுத்த கணம் அந்தப் பெண்ணிடம், சாப்பிடாதீர்கள், சற்றுப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

உள்ளே வசந்தி ஒரு முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் பாதி காலி. அன்று காலை மகனின் பள்ளியிலிருந்து உடனே வரச்சொல்லி போன் வந்திருக்கிறது. அண்ணை மொத்தச் சந்தைக்குப் போயிருந்தார். வசந்தி அவருக்குச் சொல்லாமல் அடுப்பை யினிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறி, அப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். யின் டிங் டோங். நான் சாஸைப் பற்றிச் சொன்னதும் வசந்தி வாயிலிருந்ததைத் துப்பவில்லை, விழுங்கவுமில்லை. பிறகு எழுந்து தொட்டியில் வாயைக் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

யினிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. சிப்பி மரக்கறிதானே என்றார். அவருடைய ஊரில் பிறை பார்த்து மாதத்தில் இரண்டு நாள் இறைச்சி ஒதுக்குவார்களாம், அந்த நாட்களிலும் சிப்பி சாப்பிடலாமாம், கோயில் சமையலிலேயே போடுவார்களாம். வசந்தியை அவர் 'வச்சி' என்றுதான் கூப்பிடுவார். வச்சி வெறும் வயிற்றோடு வேலை செய்கிறாள், இரண்டு வாய் சாப்பிடுவதாவது ருசியாக இருக்கட்டும் என்று அவள் தட்டில் மட்டும் கொஞ்சம் கூடவே ஊற்றினேன் என்றார். விஷயம் என்னவென்று நான் விளக்க விளக்க அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றார்.

அண்ணை வந்தார். வெளியே அந்தப் பக்கத்து மேசைப் பெண் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருக்கிறார். சமையலறை வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், "ஆர் சமைச்சது?" என்றார்.

"நான்தான் அண்ணை," என்றார் வசந்தி. "சோஸ் மாறிப்போச்சு."

அண்ணை வெளியே போய் ஒவ்வொரு மேசையாக நின்று சொன்னார். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஒருவர் எழுந்து தெருவுக்கே போய்விட்டார். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தம் போட்டவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்கள் பேசாமல் எழுந்தார்கள். அந்தப் பேசாமைதான் அவரைக் கொன்றிருக்கும்.

அந்த இடைவெளியில் வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா. தை மாசம் அவவுக்கு விசாக் கார்ட் புதுப்பிக்கோணும். இஞ்சை வேலை போனா கார்டும் போகும். எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, நாசியோனலித்தே கிடைச்சிட்டுது, நான் எங்கையும் போய்ப் பிழைப்பன்."

அதற்குள் யின் என் தோளைத் தட்டி, சட்டி யார் முதுகில் என்று கேட்டார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறந்தால் ஒருத்தியின் வேலை போகும், மூடினால் இன்னொருத்தியின் வேலை போகும். நான் வாயை மூடிக்கொண்டேன். சரியா தவறா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் யினுக்கு என் தயவு தேவைப்படவில்லை. அண்ணை திரும்பி வந்து வசந்தியைப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னபோது, அவர் கை வாசலைக் காட்டிய விதத்திலேயே யின் புரிந்துகொண்டார். ஈரக் கையோடு நேரே அவர் முன்னால் போய் நின்றார். கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய்த் தன் முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டு முறை.

"நான். வச்சி இல்லை. நான்."

அண்ணை என்னைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளி, சிப்பி, கூட ஊற்றியது, கார்ட், எல்லாம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "என்னை நம்பி வந்த சனம்," என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வசந்தியோடு கார் து நோர் வரை நடந்தேன். பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மகன் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லையாம், இப்படியே போனால் அடுத்த வருடம் வேறு பள்ளி பார்க்க வேண்டுமாம். நடைமேடையில் நின்று ஒரு ரயிலை விட்டுவிட்டார். "நான் பிடிச்ச விரதம் பிள்ளைக்காக. அவ ஊத்தின சோஸ் எனக்காக. இதிலை ஆரை நான் கோவிக்கிறது அக்கா?" என்றார். அடுத்த நாள் விரதத்தைத் தொடரப்போவதில்லை என்றும் சொன்னார். முறிந்ததைப் பிடித்து என்ன பயன் என்பது அவர் எண்ணம். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

போகிறவர்களுக்கான விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், முடிவில் எனக்கு அதற்கு மனம் இருக்காது. மெத்ரோவுக்கு நான் போனபோது ஒரு பயணம் இரண்டு யூரோ பதினைந்து, இப்போது அதுவும் கூடிவிட்டது. லா சப்பலுக்கு இரண்டாம் எண் வழி, மார்க்ஸ் டோர்மோய்க்குப் பன்னிரண்டாம் எண் வழி. ஒரு மதியச் சாப்பாடு பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். நெரிசலில் போனைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்காதீர்கள். நீங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால், எந்த ஊராக இருந்தாலும் 'சைவமா' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மீன், நண்டு, சிப்பி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சைவம் என்றால் என்ன என்பதில் ஊருக்கு ஊர் வேறு நியாயம் இருக்கிறது. இன்னொன்று, உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவருக்கு அன்று அது எத்தனையாவது வேலை என்பதையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

ஆறாம் நாள், என் விமானம் இரவில்தான். கிளம்புமுன் மனம் கேட்காமல் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணை ஒற்றை ஆளாக நின்றார். சோறு வடிப்பதும் அவர், பரிமாறுவதும் அவர், காசு வாங்குவதும் அவர். யாத் கெக் தெக்! சோறும் ஒரே ஒரு பருப்புக் கறியும்தான் இருந்தன, கறி அடிப்பிடித்திருந்தது. இருந்தும் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் எழுந்து போனவர்களில் சிலரும் அவர்களில் இருந்தார்கள்.

என்னைக் கண்டதும் அவர் போனை நீட்டினார். "தங்கச்சி, யினோடை ஒருக்காக் கதையுங்கோ. திங்கக்கிழமை வரச் சொல்லுங்கோ." யின் உடனே எடுத்தார். நான் சொன்னதற்கு, வச்சி வராமல் நான் வரமாட்டேன் என்றார். அதை அண்ணையிடம் சொன்னேன். ரெண்டு பேரையும்தான் கூப்பிடுகிறேன், வசந்தியோடு நானே கதைக்கிறேன் என்றார். அதை யினிடம் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாப்பிட்டீர்களா என்று சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டேன்.

நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை என்றார் யின். அழுகையில் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். இல்லையாம். ஆறாவது நாள்தான் பெரிய நாள் என்று வச்சி சொல்லியிருக்கிறாளே, அவள் பிடித்தது என்னால்தானே விட்டுப்போனது, நாளைக் காலை வரை நான் அவளுக்கு டிங் டோங் என்றார். சாமி பெயர்கூடத் தனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, அது பரவாயில்லையா என்று என்னையே கேட்டார்.

போனை வைத்தேன். என்ன சொன்னவ என்று அண்ணை கேட்டார். சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் வெளியேயிருந்து தண்ணீர் கேட்டார், அது அண்ணையின் காதில் விழவில்லை. பிறகு அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வசந்தியைப் போனில் கூப்பிட்டார். முதலில் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

"பிள்ளை, உம்மடை விரதம் முறியேல்லை," என்றார். "யின் பிடிச்சுக்கொண்டிருக்கிறா."